குவாய் நதிப் பாலத்தில் இல்லாதவர்கள்

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் வழியில் கித்துல்கலையில் வாகனத்தை நிறுத்தினேன். பிரதான வீதியிலிருந்து களனி கங்கைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்தில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். வழி காட்டுவதற்கு ஒரு தொகை கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். ஆற்றங்கரையில் பாசி படிந்த கொங்கிறீற் அடித்தளங்கள் சில கிடந்தன. எஞ்சியிருப்பது அவ்வளவுதான். அலெக் கின்னஸ் எங்கே நின்றார், வில்லியம் ஹோல்டன் எங்கே நீந்தினார், புகைவண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்றெல்லாம் அந்த இளைஞர் தமது மாமன் மைத்துனர்களைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டு போனார். படம் வெளிவந்தபோது அவருடைய தந்தையாரே பிறந்திருக்கமாட்டார். ஆற்றில் இறப்பர் ஓடங்களில் இளைஞர் கூட்டமொன்று கூச்சலிட்டுக்கொண்டு சென்றது. பாலம் இருந்த இடத்தை அவர்களில் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்" 1957இல் வெளிவந்த படம். டேவிட் லீன் இயக்கியது. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. கதை நிகழ்வது சயாமில், இன்றைய தாய்லாந்தில். ஆனால் படத்தின் பாலம் எழுந்ததும் விழுந்ததும் இலங்கையில். படப்பிடிப்புக் குழுவில் சிறு பணியொன்றில் சேர்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர், பிற்காலத்தில் சிங்களத் திரையுலகின் பெரும் நட்சத்திரமாகிய காமினி பொன்சேகா. 1979இல் வெளிவந்த "சருங்கலே" படத்தில் நடராஜா என்ற தமிழ் எழுதுவினைஞராக அவர் நடித்ததை என் தலைமுறைத் தமிழர் பலர் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வர்.

பாலம் தகர்க்கப்படுவதைப் பார்ப்பதற்காக 1957 மார்ச்சில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பரிவாரங்களோடு கித்துல்கலைக்கு எழுந்தருளினார். முதல் நாள் முயற்சி பிழைத்துவிட்டது. ஒளிப்பதிவாளர் ஒருவர் உரிய நேரத்தில் விலகிச் செல்லாமையால் வெடி வைக்கப்படவில்லை. வண்டி பாலத்தைக் கடந்து சென்று மறுகரையிலிருந்த மின்பிறப்பாக்கியில் மோதியது. மறுநாள் காலையில் எல்லாம் சரியாக நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் தந்தை செல்வாவோடு ஒப்பந்தம் செய்து, அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதனைக் கைவிட்டவரும் இதே பிரதமரே. பாலங்கள் தகர்வதைப் பார்த்த பழக்கம் அவருக்கு முன்னரே இருந்தது என்று என் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் குறும்பாகச் சொல்வார்.

நான் இந்தப் படத்தை முதலிற் பார்த்தது யாழ்ப்பாணம் றீகல் திரையரங்கில். 1980ஆம் ஆண்டு, எனக்குப் பதின்மூன்று வயது. என் தந்தையாரோடும், எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி வசித்த ஒரு பெரியவரோடும் சென்றிருந்தேன். ஊரில் அவருக்கு "மலாயாப் பென்சனியர்" என்று பெயர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு நாலு பேராவது அப்படி இருந்தார்கள். பிரித்தானியர் ஆட்சியில் மலாயாவுக்குச் சென்று, ரயில்வேயிலும் தபாற் கந்தோரிலும் உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்தோடு திரும்பிக் கல்வீடு கட்டியவர்கள். இவர் பேராக் மாநிலத்தில் ஒரு சிறிய நிலையத்தின் ஸ்டேசன் மாஸ்டர். யப்பானியர் காலத்திலும் அங்கேயே இருந்தவர்.

படம் முடிந்து வெளியே வந்தோம். நான் சீழ்க்கையடித்துக்கொண்டு வந்தேன். அந்த இசையைக் கேட்ட எந்தப் பையன்தான் சீழ்க்கையடிக்காமல் இருப்பான்! அப்பா, கின்னஸின் நடிப்பைப் புகழ்ந்துகொண்டு வந்தார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. முனியப்பர் கோயிலடியில் நின்று சுருட்டைப் பற்றவைத்தவர், என்னைப் பார்த்து, "தம்பி, படத்திலை எங்கடை சனம் ஒண்டையும் காணேல்லையே?" என்றார். எனக்கு விளங்கவில்லை. சயாமில் வெள்ளைக்காரக் கைதிகள் கட்டிய பாலத்தில் எங்கடை சனத்துக்கு என்ன வேலை?

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் பல வருடங்கள் சென்றன. முதலில் நாவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். மூலம் பிரெஞ்சு மொழியில், 1952இல் வெளிவந்தது. எழுதியவர் பியேர் பூல். 1912இல் அவிஞ்ஞோன் நகரில் பிறந்தவர், தொழிலால் பொறியியலாளர். தாமே அந்தப் பாலத்தைக் கட்டிய கைதிகளில் ஒருவர் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். உண்மை வேறு. போர்க்காலத்தில் அவரைச் சிறைப்பிடித்தவர்கள் யப்பானியர் அல்லர், பிரெஞ்சுக்காரரே. தெகோலின் சுதந்திர பிரெஞ்சுப் படைக்காக இந்தோசீனாவுக்குள் இரகசியமாக நுழைய முயன்றபோது, விஷி அரசுக்கு விசுவாசமாயிருந்த பிரெஞ்சு அதிகாரிகளின் கையில் மீகொங் ஆற்றில் அகப்பட்டார். கடூழியத் தண்டனை பெற்றார். 1944இல் தப்பினார். பகைவனோடு ஒத்துழைத்த அந்தப் பிரெஞ்சு அதிகாரிகளை நினைத்தே கேணல் நிக்கல்சன் பாத்திரத்தைப் படைத்ததாகப் பின்னர் அவரே கூறியிருக்கிறார். பிரித்தானிய இராணுவ அதிகாரியின் பிடிவாதத்தைச் சித்திரிப்பதில் இணையற்றது என்று உலகம் போற்றும் பாத்திரம், உண்மையில் வேடம் மாற்றிய பிரெஞ்சுக்காரன் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

நாவலில் பாலம் தகர்வதில்லை. படத்தை மட்டும் பார்த்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வெடிவைக்க வந்த இளைஞனை நிக்கல்சன் தடுத்துவிடுகிறார். மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வார்டன், தன் தோழர்கள் உயிரோடு பகைவன் கையிற் சிக்கக்கூடாதென்று மோட்டார்க் குண்டை வீசி அவர்களைத் தன் கையாலேயே கொல்கிறார். வண்டி, வேறோர் இடத்தில் வைத்த வெடியினால் சேதமடைகிறது. பாலம் அப்படியே நிற்கிறது. கசப்பான, மிகச் சரியான முடிவு. ஆனால் அத்தனை பணத்தைக் கொட்டிப் பாலத்தைக் கட்டிய தயாரிப்பாளர் அதை உடைக்காமல் விடுவாரா? லீனின் முடிவில், தான் என்ன செய்துவிட்டேன் என்று கின்னஸ் உணரும் அந்த ஒரு கணத்தின் முகபாவத்திற்காக இந்த மாற்றத்தை நான் மன்னித்துவிடுகிறேன். நாவலைத் திரைக்குக் கொண்டுவருபவனுக்கு முடிவை மாற்றும் உரிமை உண்டு. நல்லதோ கெட்டதோ, அது அவனுடைய தொழில்.

திரைக்கதையின் கதையும் சுவையானது. ஒஸ்கார் விருது பியேர் பூலின் பெயருக்கே வழங்கப்பட்டது. அவருக்கு ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதும் ஆற்றல் இல்லை. விழாவுக்கும் வரவில்லை, நடிகை கிம் நோவாக் அவர் சார்பில் பெற்றுக்கொண்டார். உண்மையில் எழுதியவர்கள் கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் என்ற இருவர். பொதுவுடைமைவாதிகள் என்ற சந்தேகத்தில் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தமையால் அவர்கள் பெயர் திரையில் வரமுடியவில்லை. 1984இல்தான் விருதுக் கழகம் தவறைத் திருத்தி இருவருக்கும் உரிய கௌரவத்தை அளித்தது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை. இடையில் இன்னொரு விந்தை. பியேர் பூல் 1963இல் எழுதிய மற்றொரு நாவல் "குரங்குகளின் கிரகம்". 1968இல் அது படமானபோது திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் இதே மைக்கல் வில்சன். இம்முறை அவருடைய பெயர் திரையில் இருந்தது.

நதியின் பெயரும் அப்படித்தான். மரண ரயில்பாதை நெடுந்தூரம் குவே நொய் ஆற்றின் கரையோடு செல்கிறது. ஆகவே பாலமும் அந்த ஆற்றின் மேல்தான் இருக்கவேண்டும் என்று பியேர் பூல் கருதிவிட்டார். காஞ்சனபுரியிலுள்ள உண்மைப் பாலம் மே குளோங் ஆற்றின் மேல் நின்றது. படத்தைப் பார்த்துவிட்டு வந்திறங்கிய வெளிநாட்டுப் பயணிகள் குவாய் நதிப் பாலத்தைத் தேடினார்கள். தாய்லாந்துக்காரர் என்ன செய்தார்கள் தெரியுமா? 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். நாவலாசிரியனின் பிழையைத் திருத்த ஓர் ஆறே தன் பெயரை விட்டுக்கொடுத்தது. "குவே" என்றால் தாய் மொழியில் கிளையாறு. உலகம் உச்சரிக்கும் "குவாய்" என்றாலோ எருமை.

உண்மைப் பாலத்துக் கைதிகளின் தலைவராக இருந்த லெப்டினன்ட் கேணல் பிலிப் டூசி, நிக்கல்சனுக்கு நேர்மாறானவர். வேலையைத் தாமதப்படுத்தவும் பழுதாக்கவும் தம்மாலானதைச் செய்தவர். அவருடைய ஆட்கள் கறையான்களைப் பிடித்துவந்து மரப்பாலத்தில் விட்டார்கள். படம் வந்தபோது உயிர்தப்பிய கைதிகள் கொதித்தெழுந்தார்கள். எங்கள் தளபதியைத் துரோகியாக்கிவிட்டீர்களே என்று பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. கோபப்படுவதற்கு அவர்களுக்கு ஒரு மொழியும் பத்திரிகையும் தேசமும் இருந்தன.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாற் வரை 415 கிலோமீற்றர். 1942இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் பாதை இணைக்கப்பட்டது. இந்த வேலையில் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகம் அறிந்த கணக்கு இது. இதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளரின் தொகை குறைந்தது 180,000. பர்மியர், ஜாவானியர், மலாயர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களிற் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர். ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் 90,000 பேரளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதற்கும் மேல் என்பாரும் உண்டு. எவரும் பெயர்ப் பதிவு வைத்திருக்கவில்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது, கைதிகளுக்குத் தங்கள் இராணுவ வைத்தியர்களாவது இருந்தார்கள். கட்டளையிடுவதற்கு அதிகாரிகளும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டுமென்ற ஒழுக்கமும் இருந்தன. தோட்டத்திலிருந்து மனைவி பிள்ளைகளோடு சென்றவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

எப்படிச் சென்றார்கள்? முதலில் ஆசை வார்த்தை. சில மாத வேலை, நல்ல சம்பளம். போனவர்கள் திரும்பாததால் அடுத்த தொகுதிக்கு ஆள் சேரவில்லை. பிறகு வலிந்து பிடித்தல். தோட்டங்களைச் சுற்றிவளைத்தார்கள், வீதியிற் போனவர்களை ஏற்றினார்கள். அவற்றிலும் ஒரு முறை இருந்தது. இலவசமாகப் படம் காட்டப்படும் என்று அறிவிப்பார்கள். சனம் திரண்டு சென்று கொட்டகையில் அமர்ந்ததும் கதவுகளை அடைத்துவிடுவார்கள். உள்ளே இருந்த ஆண்களை நேரே ரயில் நிலையத்துக்கு நடத்திச் செல்வார்கள். இது வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது.

எனக்கு இதை முதலிற் சொன்னது நூலல்ல. 1988ஆம் ஆண்டு, இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டிருந்த காலம். நான் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவன். ஊரடங்கு மாலைகளில் போக்கிடம் இல்லாமல் வேலிக் கடவையால் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய்விடுவேன். மாணவர் சஞ்சிகையொன்றுக்காக அவர் சொல்வதை அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதிக்கொண்டேன். எட்டு வருடங்களுக்கு முன்னர் றீகல் வாசலில் கேட்ட கேள்வியை நினைவூட்டியபோது நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "படம் பாக்கப் போன சனத்தை என்ரை ஸ்டேசனிலைதான் தம்பி ஏத்தினவங்கள். சிலர் நல்ல சட்டை போட்டிருந்தவை. படத்துக்குப் போற உடுப்பு."

இரும்புச் சரக்குப் பெட்டிகள். கதவைத் திறந்தால் வெக்கை முகத்தில் அடிக்கும் என்றார். அவருடைய கடமை வண்டியின் விபரத்தைப் பதிவேட்டில் எழுதி வடக்கே உள்ள நிலையத்துக்கு அறிவிப்பது. "என்ன எழுதுவீங்கள், ஐயா?" என்று கேட்டேன். "பெட்டி எத்தனை எண்டு எழுதுவன். ஆக்கள் எத்தனை எண்டு எழுதுறதுக்கு அதிலை இடமில்லை" என்றார். மற்றுமொன்றும் சொன்னார். "அப்ப நாங்கள் அதுகளை எங்கடை சனம் எண்டு நினைக்கேல்லை. தோட்டத்துக் கூலியள் எண்டுதான் நினைச்சனாங்கள். நாங்கள் வேறை, அவங்கள் வேறை. றீகலிலை படம் பாக்கேக்கைதான்..." முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

அந்தக் கொப்பி இன்று என்னிடம் இல்லை. சஞ்சிகையும் வெளிவரவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், கையிற் பிடித்த பையோடு பாலத்தடியில் சனத்தோடு சனமாக நகர்ந்தபோது எதை எடுப்பது, எதை விடுவது என்று யார் யோசித்தார்கள்? பெரியவர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். ஆகவே இங்கே எழுதுவது என் நினைவிலிருந்துதான். பத்திரிகைத் தொழிலில் இத்தனை வருடம் பழகியவன் என்ற முறையில், எழுதி வைக்காத சாட்சியத்துக்கு என்ன மதிப்பு என்பதும் எனக்குத் தெரியும்.

பியேர் பூலிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதனால்தான் வேறு விதமானது. அவர் மலாயாவை வரைபடத்தில் பார்த்தவர் அல்லர். 1936இல் அங்கே சென்று இறப்பர்த் தோட்டத்தில் பொறியியலாளராகப் பணிபுரிந்தவர். அந்த அனுபவத்தை வைத்து 1951இல் ஒரு தனி நாவலே எழுதியவர். காலையில் அவர் கண் விழித்தபோது பால் வெட்டக் கிளம்பியவர்கள் தமிழர். அவர்கள் மொழியை ஒவ்வொரு நாளும் காதாற் கேட்டவர். அடுத்த வருடமே மரண ரயில்பாதையைப் பற்றி எழுதியபோது, அந்தப் பாதையில் மிகுதியாகச் செத்தவர்களில் தாம் அறிந்த இந்த மனிதர்கள் இருந்தார்கள் என்ற உணர்வு கதையின் மையத்துக்கு வரவில்லை. வெள்ளைக்காரனின் கௌரவமும் யப்பானியனின் கௌரவமும் மோதுவதுதான் அவருக்கு வேண்டிய கதை. கௌரவம் என்ற சொல்லைக் கூலித்தொழிலாளிக்குப் பொருத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

கதையென்பது கதைதானே, எல்லாரையும் எல்லாக் கதையிலும் சேர்க்க முடியுமா என்று நண்பரொருவர் என்னோடு வாதிட்டார். நியாயமான கேள்வி. நாவலும் படமும் வரலாற்றுப் பாடநூல்கள் அல்ல என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் படத்தின் முதற்பாதியில் நடப்பது என்ன? அதிகாரிகளை உடலுழைப்புக்கு உட்படுத்தலாமா என்ற தகராறு. நிக்கல்சன் ஜெனீவா உடன்படிக்கையின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார். சைட்டோ அதைப் பறித்து அவர் முகத்திலேயே அடிக்கிறார். வெயிலில் இரும்புக் கூண்டில் அடைபட்டும் அந்த மனிதர் விட்டுக்கொடுப்பதில்லை. நாமும் கொட்டகையில் இருந்து அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். எந்த உடன்படிக்கையும் தங்கள் பெயரைச் சொல்லாத பல்லாயிரம் பேர் அடுத்த முகாமில் சேற்றில் கிடந்து சாகும் ஒரே ஒரு காட்சி, ஒரு நிமிடக் காட்சி, அங்கே இருந்திருந்தால்? அதிகாரி மண்வெட்டி பிடிக்கமாட்டார் என்ற அந்த வீரத்தை நாம் எப்படிப் பார்த்திருப்போம்? நிக்கல்சனின் பைத்தியம் எங்கே தொடங்குகிறது என்பது இன்னும் கூர்மையாகத் தெரிந்திருக்கும். படம் இன்னும் பெரிய படமாகியிருக்கும் என்பது என் துணிபு. அறத்துக்காக மட்டும் நான் குறைப்படவில்லை, கலைக்காகவும் குறைப்படுகிறேன்.

லீன் அதற்காக வெகுதூரம் போகவேண்டியதும் இல்லை. கித்துல்கலையைச் சுற்றி யட்டியாந்தோட்டையிலும் கினிகத்தேனையிலும் இறப்பர்த் தோட்டங்கள், தேயிலைத் தோட்டங்கள். மலாயாவுக்குக் கப்பலேறியவர்களின் அதே மாவட்டங்களிலிருந்து, அதே வறுமையில், அதே கங்காணிகளின் பின்னால் இலங்கைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே லயங்களில் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமையையும் அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் இழந்தவர்கள். படப்பிடிப்பு நடந்த நாட்களில் சட்டத்தின் கண்ணில் எந்த நாட்டையும் சேராதவர்கள். வெடியோசை அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அதன் பிறகு வந்த படங்களும் பாதையை மாற்றவில்லை. எரிக் லோமாக்ஸின் சுயசரிதை 1995இல் வந்தது. 2013இல் கொலின் ஃபேர்த் நடிக்க "தி ரெயில்வே மேன்" என்று படமாயிற்று. அதே 2013இல் அவுஸ்திரேலியரான ரிச்சட் ஃபிளனகன், மரண ரயில்பாதைக் கைதியாயிருந்த தம் தந்தையை மனத்திற்கொண்டு எழுதிய நாவல் மறு ஆண்டு புக்கர் பரிசு பெற்றது. 2025இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்துவிட்டது. இரண்டும் நேர்மையான எழுத்துகள். தந்தையின் கதையை மகன் எழுதுகிறான், தன் கதையைத் தானே எழுதுகிறான். அதில் நாம் குறைகாண ஒன்றுமில்லை. எங்கள் கதையை எழுதித் தரவேண்டியது அவர்கள் பொறுப்பல்ல.

நாங்கள் எழுதினோமா? மலேசியத் தமிழர் எழுதினார்கள். ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச்சின்னம்", அண்மையில் கோ. புண்ணியவானின் "கையறு". இம்மூன்றின் பெயரையாவது யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ எத்தனை வாசகர் அறிவர்? தமிழகச் சஞ்சிகைகள் மலேசிய எழுத்தைச் சிறப்பிதழ் போடும்போது மாத்திரம் நினைவுகொள்கின்றன. ஈழத்தவராகிய நாங்களும், எங்கள் எழுத்தைத் தமிழகம் கவனிப்பதில்லை என்று அரை நூற்றாண்டாக முறைப்பட்டுக்கொண்டே, மலேசிய நூல்களை அலட்சியம் செய்து வந்திருக்கிறோம். தமிழில் ஆவணப்பட முயற்சி நடந்திருக்கிறது. ஆண்டுக்கு இருநூறு படங்களுக்குக் குறையாமல் எடுத்துத் தள்ளும் தமிழ்த் திரையுலகம் இந்த நாவல்களின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

எடுத்தாலும் என்ன ஆகும் என்ற அச்சமும் எனக்கு உண்டு. பாலாவின் "பரதேசி" 2013இல் வந்தது. மூலம், தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய "ரெட் ரீ", தமிழில் இரா. முருகவேள் "எரியும் பனிக்காடு" என்று மொழிபெயர்த்தார். படத்தின் கடைசிக் காட்சியில் அதர்வாவின் கதறலை மறக்க முடியாது. ஆனால் தொழிலாளருக்காகப் போராடும் நாவலின் வைத்தியர், படத்தில் மதம் மாற்றுவதற்காக ஆடிப்பாடும் கோமாளியாகிவிட்டார். எழுதியவரே அந்த வைத்தியர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை நினைக்கும்போது இதைவிடக் கொடிய மாற்றம் இருக்கமுடியாது என்று தோன்றுகிறது. டூசியின் ஆட்கள் லீன்மீது கோபப்பட்டதுபோல டேனியலுக்காகக் கோபப்பட்டவர்கள் சிலரே.

காஞ்சனபுரியில் பொதுநலவாய நாடுகளின் யுத்த மயானம் இருக்கிறது. 6,900க்கு மேற்பட்ட கல்லறைகள், ஒழுங்காக வெட்டப்பட்ட புல், பூச்செடிகள், பெரும்பாலான கற்களிற் பெயரும் வயதும். அதே ஊரில் ஒரு பௌத்த விகாரையின் வளாகத்தில், பாதை முடிந்து 80 ஆண்டுகளாகும் தறுவாயில், 2023 மே மாதம் தமிழ்த் தொழிலாளருக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. முன்னின்று உழைத்தவர்கள் மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும். தமிழ்நாடு அரசும் நிதி உதவியது. நடுகல்லில் வீழ்ந்தவனின் பெயரைப் பொறிப்பது நம் முன்னோர் மரபு. இங்கே பொறிப்பதற்குப் பெயர்கள் இல்லை.

கித்துல்கலையில் ஆற்றைவிட்டு மேலேறி வரும்போது அந்த இளைஞரிடம், சயாமில் உண்மையான பாலம் கட்டியவர்களில் தமிழர் இருந்தது தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டேன். அவருக்கு வியப்பு. "தமிழரா? அங்கே எப்படிப் போனார்கள்?" என்றார்.

நான் இலவசப் படத்தின் கதையைச் சொன்னேன். பாதை முடியும்வரை கேட்டுக்கொண்டு வந்தார். வாகனத்தடியில் நின்று, அவர்கள் எந்தப் படம் பார்க்கப் போனார்கள் என்று கேட்டார்.

அதைப் பெரியவரிடம் நான் கேட்டிருக்கவில்லை.